தாய்மாமன் இருக்கை

சுருளிப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

சந்திர மண்டலத்துக்கு வண்டி கட்டும் மகாராஜராஜஸ்ரீ சூரியபிரகாஷ் சமூகத்துக்கு, உன்னை வளர்த்த சித்தப்பன் மொக்கைச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீ செய்த காரியத்துக்கு ஒருவரும் சுகமாக இருக்கக் கூடாது, ஆனாலும் சுருளி வேலப்பர் புண்ணியத்தில் சுகம். உன் சுகத்தை அமெரிக்காவில் யாராவது விசாரிக்கட்டும், நான் விசாரிக்கும் நிலையில் இல்லை. போனில் திட்டினால் கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் எழுதி, இதைப் படம் பிடித்து அனுப்பும்படி என் மகன் அஜய்குமாரிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை மகாலட்சுமியின் மகள் அபிதாவின் காதுகுத்தை உனக்காக இரண்டு தடவை தள்ளி வைத்தோம். சித்திரையில், வண்டிக் கதவு சரியாக மூடவில்லை என்றாய். வைகாசியில், எடை கூடிவிட்டது, குறைக்க வேண்டும் என்றாய். நிலாவுக்குப் போகிற வண்டியில் ஒரு தேங்காய் எடை கூடினாலும் பெரும்பாடு என்று நீ சொன்னதை நான் கம்பம் சந்தை முழுக்கச் சொல்லி, திராட்சைக் கொடிகள்கூடப் பயந்து காய்ப்பைக் குறைத்துக்கொண்டன. இப்போது ஆவணியில் நாள் குறித்து, பத்திரிகை அடித்து, உனக்கு விண்வெளி உடுப்பு மாட்டி மேகமலையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற உயரத்துக்கு பிளெக்ஸ் வைத்த பிறகு, நேற்றுப் போனில் சொல்கிறாய், அந்த வாரம் இருக்கைச் சோதனை, வர முடியாது என்று. அதோடு விட்டாயா, அஜய்குமார் மடியில் வைத்துக் குத்துங்கள், நான் வீடியோ காலில் பார்த்துக்கொள்கிறேன் என்றாயே, அங்கேதான் எனக்குச் சூடு ஏறியது. மூக்கம்மாள் சித்தி நேற்று ரசத்தை என் தலையிலேயே கொதிக்க வைத்திருக்கலாம், கேஸ் மிச்சம்.

சோதனையை நான் குறை சொல்லவில்லை. திரும்பி வந்து கடலில் விழும்போது நாலு பேர் முதுகெலும்பு நொறுங்கக் கூடாது, அதற்காக ஆளாளுக்கு அளவெடுத்து இருக்கை செய்கிறாய், சரி. ஆனால் இந்தச் சோதனையில் உட்காரப் போவது பொம்மை என்றும், அது விழுவதைப் பார்க்க உன் கூட ஒரு கூட்டமே இருக்கிறது என்றும் நீதானே சொன்னாய். உன்னைப் பெற்ற என் அண்ணனும் மதினியும் போய்ச் சேர்ந்த பிறகு மகாலட்சுமிக்குக் கூடப்பிறந்த ரத்தம் என்று நீ ஒருத்தன்தான். மாப்பிள்ளை வீட்டில் அவள் காதுபடவே, "நெலாவுக்கு வண்டி விடுறவுக சுருளிப்பட்டிக்கு எறங்க மாட்டேங்கிறாகளாம்" என்று சிரிக்கிறார்கள்.

போன மாதம் நீதான் சொன்னாய், நாலு பேரில் ஒருத்தர் வராவிட்டால் அந்த இருக்கையைச் சும்மா விட மாட்டோம், வண்டி ஒரு பக்கம் சாயும், அந்த ஆள் எடைக்கு மூட்டை வைத்துக் கட்டிவிடுவோம் என்று. அதே புத்தியில்தான் அஜய்குமாரைச் சொல்லியிருக்கிறாய். என் மகன் நல்ல மூட்டைதான், போடி ஏலக்காய் மண்டியில் தேடினாலும் அப்படி ஒன்று கிடைக்காது. அவனும் முறைக்குத் தாய்மாமன்தான். ஆனால் அவனே, அண்ணன் இடத்தில் என்னால் உட்கார முடியாது, ஆளை விடுங்கள் என்று ஒதுங்கிவிட்டான். மகாலட்சுமி அழவில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "எங்கண்ணன் எடம் காலியாவே இருக்கட்டும் சித்தப்பா. சாஞ்சா சாயட்டும்" என்றாள்.

ஆகவே நாள் மாறாது. ஆவணி இருபது காலையில் வேலப்பர் கோயிலில் மொட்டை எடுப்போம், நீ உட்காரப் பலகை போடுவோம், காது குத்த ஆசாரி வந்து உட்காருவார். நீ இருந்தால் காது குத்துவோம். இல்லையென்றால் மூட்டையும் வைக்க மாட்டோம், வீடியோ காலும் எடுக்க மாட்டோம். வந்தவர்களுக்குச் சோறு போட்டுவிட்டு, குத்தாத காதோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவோம். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு பிளெக்ஸைக் கைகாட்டுவேன்.

நீ கட்டும் வண்டியில் போகிற பிள்ளைகள் அத்தனை பேரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும், நீயும் நூறு வயசு இருக்க வேண்டும், வேலப்பர் துணை. குளிரில் காதை மூடிக்கொள். வேட்டி கொண்டு வராதே, சித்தி எடுத்து வைத்திருக்கிறாள். பட்டு என்றால் பிள்ளை மடியிலிருந்து வழுக்கும் என்று பருத்தியாகவே எடுத்திருக்கிறாள்.

கோபம் ஆறாத
உன் சித்தப்பன்,
மொக்கைச்சாமி,
பூலோகம், சுருளிப்பட்டி கிளை.