கம்பெனிக்கு ஒரு தொடை

1947 மார்ச் 4, க்வாண்டா

காலையிலிருந்து மாட்டுப்பட்டியில் நின்று கால் வீங்கிவிட்டது. கம்பெனிக்குப் புதுத் திட்டம்: இளைத்த மாடுகளை மக்களிடம் கொடுத்து மேய்க்கச் சொல்வது, கொழுத்ததும் திரும்ப வாங்கி, வெட்டிப் புலவாயோ நகரத்துக் குளிர்கிடங்கில் அடுக்குவது. ஹேக்கெட் துரை நிபந்தனைகளை ஆங்கிலத்தில் படித்தார். நான் எங்கள் மொழியில் சொன்னேன். 'லோன்' என்று வந்த இடத்தில் 'சிசா' என்றேன்.

கூட்டத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. மலராதா? சிசா நாங்கள் காலங்காலமாகச் செய்வதுதானே! மாடு உள்ளவன் இல்லாதவன் பட்டியில் விடுவான். பால் வளர்ப்பவனுக்கு. மாடு செத்தால் தோலைக் காட்டி, ஒரு தொடையை உடையவன் வீட்டுக்கு அனுப்பினால் போதும், யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது.

பெரியவர் மாகாலா துபேதான் முதலில் என்னைப் பார்த்துக் கை தூக்கினார். "வெள்ளைக்காரனுக்கும் கடைசியில மனுஷத்தனம் வந்துடுச்சுப்பா! மாசுகு, எனக்கு நாலு எழுது." ஒரே சிரிப்பு. துரை என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மார்ச் 5

இது நன்றாக நடந்தால் துரை கம்பெனி குடியிருப்பில் செங்கல் வீடு தருவாராம். வீட்டில் செலினாவுக்கு நான்காம் மாதம். தலைகால் புரியவில்லை.

ஜூலை 21

வீடு கிடைத்தது. கூரைத் தகரம் புதுசு. மழைதான் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. புல் என்று எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 30

பெண் குழந்தை. செலினா நலம்.

செப்டம்பர் 22

துபே வந்தார். இரண்டு நாள் நடையாம். தோளில் சாக்கு. அதை அவிழ்த்து, உப்பிட்டு உலர்த்திய ஒரு மாட்டுத்தொடையைத் துரையின் மேசையில், காகிதங்களின் மேல், வைத்தார்.

"உங்க மாடு ஒண்ணு போயிடுச்சு துரை. இது உங்க பங்கு. தோல் வாசல்ல இருக்கு, பாத்துக்குங்க."

துரைக்கு மொழிபெயர்த்தேன். "இறைச்சிக் கம்பெனிக்கே இறைச்சியா?" என்று அவர் சிரித்தார். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை எழுதியே ஆக வேண்டும், நானும் சிரித்தேன்.

பிறகு துரை பத்திரத்தைப் புரட்டி, அன்று பட்டியில் படிக்காத பின்பக்கத்தைக் காட்டினார். மாடு செத்தால் உடனே தகவல் தர வேண்டும், யாரும் தொடக்கூடாது, பதிலுக்கு வேறு மாடு தர வேண்டும். இவரோ தோலுரித்து ஊரோடு பங்கிட்டிருக்கிறார். திருட்டு என்றார் துரை. போலீசுக்கு ஆள் போனது. துபே என்னைப் பார்த்தபடியே, "தொடை சின்னதா இருக்குன்னு கோவமா?" என்று கேட்டார்.

செப்டம்பர் 23

செலினா கேட்டாள்: "மாடு குடுத்த அன்னிக்கு நீ என்னன்னு சொன்னே அவங்ககிட்ட?"

குழந்தை அழுகிறது என்றேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 27

துரையிடம் சொல்லிவிட்டால் என்ன? தப்பு என்னுடையது, ஒரு சொல்லில் நடந்த தப்பு என்று? வீட்டைக் காலி செய் என்பார். இந்த வறட்சியில் கைக்குழந்தையோடு எங்கே போவது? சொல்லாமல் விட்டால் துபே உள்ளே போவார். இரண்டு பக்கமும் வேலி. பட்டியில் அடைத்த மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அக்டோபர் 6

கோர்ட்டு மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லை என்று என்னையே நிறுத்திவிட்டார்கள். என்னையே!

துபே நிமிர்ந்து நின்று சொன்னார்: "நான் திருடலைங்க. சிசான்னு சொல்லித்தான் குடுத்தாங்க. சிசாவுக்கு என்ன முறையோ அதைத்தான் செஞ்சேன்."

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "லோன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் என்கிறார். லோனுக்கு உண்டானதைச் செய்தாராம்."

"கடன் என்று அவனே ஒப்புக்கொள்கிறானே," என்று மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். ஒரு மாதம் சிறை. மீதி மூன்று மாடும் பறிமுதல்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அடப்பாவி, ஒரு சொல்கூட உண்மையும் இல்லையே!

வெளியே கொண்டுபோகும்போது துபே நின்றார். "மாசுகு, நான் சொன்னதை அப்படியே சொன்னியா?"

"சொன்னேங்கய்யா."

"அப்ப அவருக்குத்தான் புரியல, பாவம். நீ என்ன பண்ணுவே." என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அக்டோபர் 11

எல்லாவற்றையும் செலினாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, "இன்னும் எத்தனை ஊருக்குப் போகணும் நீ?" என்று மட்டும் கேட்டாள். ஒன்பது ஊர்.

அக்டோபர் 15

மாடு கொடுக்க வேண்டிய ஒன்பதில் இன்று முதல் ஊர். அறுபது எழுபது பேர் இருக்கும். துபே உள்ளே போன செய்தி இங்கே வரவில்லை. துரை படித்தார். 'லோன்' வந்தது.

'சிக்வெலெடே' என்றேன். கடன். பட்ட கடன். மாடு செத்தாலும் திருப்பித் தர வேண்டிய கடன். தோலும் தொடையும் செல்லாது என்றும் சொன்னேன்.

ஒரு கைகூட எழவில்லை. ஒரு கிழவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே எல்லோரும் போய்விட்டார்கள். நூற்றிருபது மாடும் துரையும் நானும்தான் மிச்சம்.

"என்ன சொன்னாய் அவர்களிடம்?" என்றார் துரை.

"லோன் என்றுதான் சொன்னேன், துரை."

அவர் நம்பவில்லை. நாளைக் காலை வீட்டுச் சாவியோடு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார். சாவியைக் கொடுத்துவிட்டு அப்படியே கோர்ட்டுக்குப் போய், அன்று துபே சொன்னது லோன் இல்லை, சிசா என்று சொல்வேன். கேட்பார்களோ, என்னையும் உள்ளே தள்ளுவார்களோ, தெரியாது. துபேக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

செலினா பாத்திரங்களைக் கட்டுகிறாள்.