அறிமுகம் செய்யும் உறுப்பினர்

அன்புள்ள எலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அது என்றைக்கு நலமாக இருந்தது. நீ அங்கே உடம்பும் மனசும் ஒரே அளவுக்கு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இந்தத் தாளை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். பேசினோம். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாய். தூங்கினாயா என்றேன். அங்கே குளிரா என்றேன். அதற்கப்புறம் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். சரிம்மா, வைக்கட்டுமா என்றாய். மூன்றரை வருடமாக இப்படித்தான். போனில் எனக்குப் பேச வருவதில்லை. தாளில் வருகிறது. எப்படி வரத் தொடங்கியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடவே ஒரு படிவமும் வைத்திருக்கிறேன், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், உறையோடு சேர்த்துக் கிழித்துவிடாதே.

அப்பாவைக் குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பட்டறையில் மேசை போட்டு உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறார். "ஆபீசர் மாதிரி இருக்கு, வேலை மட்டும்தான் பழைய வேலை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். உன் அறையில் செம்புக் கம்பிச் சுருள்களை அடுக்கி வைத்திருந்தார். நான் சத்தம் போட்டு எடுக்கவைத்தேன். கட்டில் அப்படியே இருக்கிறது. மேசையும். மேசையைச் சொல்லும்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ வெளிநாட்டு வேலைக்குப் போன நாலாவது மாதம் அதன் இழுப்பறையைத் திறந்தேன். தூசி தட்டத்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். உள்ளே உன் நூலக அட்டையும் அந்த நீல நோட்டும் இருந்தன. நோட்டை இதற்கு முன் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். நீ படித்த புத்தகங்களின் பெயர்கள், வரிசை எண் போட்டு. ஒன்பது வயதில் தொடங்குகிறது, எழுத்துகள் கோட்டை விட்டிறங்கி நடக்கின்றன. போகப் போகக் கோட்டுக்குள் வருகின்றன, பிறகு சாய்கின்றன, பிறகு யார் கையெழுத்தோ என்று ஆகிவிடுகிறது. முந்நூற்றுப் பதினேழு புத்தகம். அதற்குக் கீழே 318 என்று எண் மட்டும் போட்டுப் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறாய். அந்த வெற்றிடத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் உன் அட்டையை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். முதல் எண்ணில் இருந்த புத்தகத்தைக் கேட்டேன். அப்போது நூலகராக இருந்த பெரியவர் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளைக்கா என்றார். எனக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப இதையும் எடுத்துக்கங்க, இதுல படம் நல்லாயிருக்கும்" என்று இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

எங்கே படிப்பேன் என்று கேட்பாய். எடைமேடையில்தான். காலி லாரி வரும், எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பேன். ஜல்லி ஏற்றிக்கொண்டு திரும்பி வரும், மறுபடி எடை. இரண்டுக்கும் நடுவில் இருபது நிமிடம் என் கூண்டில் மின்விசிறிக்குத்தான் வேலை, எனக்குக் கிடையாது. இருபத்தாறு வருடம் அந்த இருபது நிமிடங்களைச் சுவரைப் பார்த்தே கழித்திருக்கிறேன். இப்போது பக்கம் புரட்டுகிறேன். டிரைவர்களுக்கும் பழகிவிட்டது. மீசை என்று ஒருவன், உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவன், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கதை கேட்பான். இப்போது படித்துக்கொண்டிருப்பது உன் பட்டியலில் நூற்று நாற்பத்தொன்று. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமானாலும் அவள்தான் இணைத்துவிட வேண்டும், அவளுக்கு மட்டும் யாரும் அழைப்பதில்லை. மீசை தினமும் கேட்பான், "அக்கா, அந்தப் பொண்ணுக்கு போன் வந்துச்சா?" இன்னும் இல்லை என்பேன். "அடப் பாவமே, நம்பர் குடுங்க, நானாவது ஒண்ணு போடறேன்." பின்னால் நிற்கும் வண்டிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே, "கதாகாலட்சேபம் முடிஞ்சா வண்டிய எடுய்யா" என்று கத்துவான். அப்பாவுக்கும் பொறாமைதான். "எனக்குச் சக்களத்தி வந்துட்டா, முந்நூறு பக்கத்துக்கு இருக்கா" என்கிறார். ஆனால் நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால் ரேடியோவைக் குறைத்து வைக்கிறார்.

எலி, உன் பின்னால் நடந்து வருகிறேன், அவ்வளவுதான். உன் வயதின் வரிசையில். ஒன்பது முடித்தேன், பத்து, பதினொன்று. பதினாலு வந்தபோது கொஞ்சம் நின்றுவிட்டேன். அந்த வருடம் நீ வீட்டில் யாரோடும் பேச மாட்டாய், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாய். திமிர் என்றேன். உன் அத்தையிடமும் சொன்னேன், உன் காதில் விழ வேண்டும் என்றே சொன்னேன். அந்த ஒரு வருடத்தில் நீ இருபத்திரண்டு புத்தகம் எடுத்திருக்கிறாய். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒன்றிலும் திமிர் இல்லை. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் யாரிடமாவது எதையாவது சொல்ல முடியாமல் இருக்கிறார். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், நடுவில் ஒரு சுவர், அதுவும் பலகைச் சுவர். இதை உன்னிடம் நேரில் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அப்போது அதற்கான சொற்கள் என்னிடம் கிடையாது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, அவ்வளவுதான் வைத்திருந்தேன், அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினேன். புத்தகம் படித்தால் அறிவு வளரும் என்று உங்கள் பள்ளியில் எழுதிப் போட்டிருப்பார்கள். எனக்கு அறிவு வளர்ந்ததா தெரியவில்லை. மனதில் இருப்பதற்குப் பெயர் கிடைக்கிறது. பெயர் கிடைத்தால் அதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ ஒன்பது வயதில் நூலகப் படிவத்தைக் கொண்டுவந்து பொறுப்பாளர் கையெழுத்துப் போடச் சொன்னாய். இரண்டு மாதம் அதை ரேடியோவுக்கு அடியில் வைத்திருந்தேன். தினமும் காலையில் ரேடியோவைத் தூக்கிப் பார்ப்பாய். பாடப் புத்தகத்தைப் படிக்கவே உனக்கு வழியில்லை, கதைப் புத்தகம் கேட்கிறதோ என்று திட்டினேன். காரணம் அதுவல்ல. பொறுப்பாளரின் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் இருந்தது. எட்டாம் வகுப்பு என்று எழுதினால் உன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். சேர்த்துக்கொண்டாலும், அங்கே இருப்பவர் அதைச் சத்தமாகப் படித்தால் நீ பக்கத்தில் நிற்பாயே என்று நினைத்தேன். கடைசியில் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. உன் இரண்டு மாதம் போனது போனதுதான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உன் அட்டையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். உறுப்பினர் இந்த முகவரியில் வசிக்கிறாரா என்று ஒரு கேள்வி, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். மூன்று வருடமாக ஆம் கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்தேன். பெரியவர் பார்க்காதது போல் வாங்கிக்கொள்வார். இந்த வருடம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக ஓர் அம்மா வந்திருக்கிறார், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எல்லோரையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். "உங்க பொண்ணு வந்து ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா போதும்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். பொய்யில்லையே. "சாயங்காலம் வரச் சொல்லுங்க, ஏழு மணி வரைக்கும் இருப்பேன்." சாயங்காலம் வர மாட்டாள் என்றேன். "பரவால்ல, எப்ப வருவாங்க?"

எலி, யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அத்தை கேட்டால் ஏதாவது சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அப்பா கேட்பதே இல்லை. அந்த அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார். எப்போது என்று. நான் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து சுற்றி வந்து ஒரு நாற்காலியைத் தள்ளிப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டு, வரிசை எண், மூன்று வருட ஆம். திட்டுவார் என்று நினைத்தேன். "நூத்தி நாப்பத்தொண்ணா?" என்றார், அவ்வளவுதான். பிறகு படிவத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். சின்னக் குறி. அதற்குக் கீழே தற்காலிகமாகவா, நிரந்தரமாகவா என்று இன்னொரு வரி இருந்தது. அதை நிரப்பவில்லை. "அதை அப்புறம் போட்டுக்கலாம்மா" என்று அவரே தாளை இழுத்துக்கொண்டார்.

உன் அட்டையில் இனி நான் புத்தகம் எடுக்க முடியாது. நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள் என்று எனக்கு ஒரு படிவம் கொடுத்தார். கல்வித் தகுதிக் கட்டத்தில் எட்டாம் வகுப்பு என்று அவர் பார்க்கவே எழுதினேன். பிறகு ஒரு கட்டம், அறிமுகம் செய்யும் உறுப்பினர். ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் என்னைத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். யாரைத் தெரியும் என்றார். என் பெண்ணைத்தான் தெரியும் என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் அவங்க உறுப்பினர்தான், போடட்டுமே" என்றார். போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும், அச்செடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். வேண்டாம், தபாலில் வரட்டும் என்றேன். போய் வருவதற்குள் மாதம் முடிந்துவிடுமே என்றார். முடியட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "கையெழுத்துக்குப் பக்கத்துல இந்த மாசத் தேதி இருந்தா சரி, நான் காத்திருக்கேன்" என்றார். நூற்று நாற்பத்தொன்றையும் வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கிறேன். மீசைக்குத் தாங்கவில்லை. "பாதியில விட்டுட்டீங்களேக்கா, அந்தப் பொண்ணு அங்கயே உக்காந்திருக்குமே" என்று நேற்றுக்கூடச் சொல்லிவிட்டுப் போனான்.

நீ இப்போது படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். நேரமில்லைம்மா என்று ஒருமுறை சொன்னாய், வேறு எதையோ சொல்வது போல இருந்தது. அந்த ஊரிலும் நூலகம் இருக்கும். விடுமுறை நாளில் படுக்கையில் போனைத் தடவிக்கொண்டு கிடக்காதே, போய் உட்கார். படிக்காவிட்டாலும் பரவாயில்லை, யாரும் எழுப்பிவிட மாட்டார்கள், உள்ளே குளிரும் இருக்காது. பாஷை புரியாவிட்டால் குழந்தைகள் பகுதியிலிருந்து தொடங்கு, வெட்கப்படாதே, நானும் அங்கிருந்துதான் வந்தேன். ஏதாவது ஒன்றை முழுசாகப் படித்தால் அதன் பெயரை எனக்கு எழுது. 318க்கு எதிரே நானே எழுதிவிடுகிறேன், உன் கையெழுத்து மாதிரியே முயற்சி செய்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நினைப்பது நடக்க வேண்டும், நடப்பது உனக்கு நல்லதாக இருக்க வேண்டும், எங்கிருந்தாலும் தைரியமாக இரு. அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி, பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. படிவத்தில் கையெழுத்தோடு தேதி போட மறந்துவிடாதே. அந்த இன்னொரு வரிக்கு, தற்காலிகமா நிரந்தரமா என்பதற்கு, நீ உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுது, இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.

எங்கள் எடைமேடை இருபது கிலோவுக்குக் குறைவானதைக் காட்டாது, அதனால் தபால் நிலையத்தில் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரு தபால்தலைக்கு நாலு தாள் வரைக்கும் போகுமாம், அங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்றார்கள். படிவம் ஒரு தாள்தான். இன்னும் மூன்று தாளுக்கு நீ அனுப்பும் உறையில் இடம் இருக்கிறது.

உன் அம்மா