காலி வண்டியில் உரசாத டயர்

லாக்லன்,

வேகவைத்த ஆட்டிறைச்சி குளிர்பெட்டியில் இருக்கிறது, நாய்க்கும் கொடு. நானும் மகள் தெகனும் என் தங்கை வீட்டுக்குப் போகிறோம். உன் ஜீப்பில் என் மகள் இனி ஏறமாட்டாள்.

பெரிய டயர் மாட்டினால் சஸ்பென்ஷனையும் உயர்த்தி வண்டியைத் தூக்கி வைக்க வேண்டும் என்றார் டயர்க்கடைக்காரர். "தூக்கி வைக்கிறதெல்லாம் பட்டணத்தான் பகட்டு" என்று டயரை மட்டும் மாட்டினாய். காலி வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் ஒடித்து, "எங்கயாச்சும் உரசுதா, சொல்லு பாப்போம்" என்று நண்பர்கள் முன்னே என்னைக் கேட்டாய். உரசவில்லை. சுமையே ஏறாத வண்டி எதில் உரசும்?

நேற்று தண்ணீர்த் தொட்டியும் தீவன மூட்டைகளும் ஏற்றி ஓடைக்கரை வளைவில் இறங்கினேன். பாரத்தில் வண்டி அமுங்கியது. திருப்பியபோது முன்சக்கரம் மட்கார்டில் சிக்கிக்கொண்டது. எதிரே மாட்டு லாரி. "திருப்பும்மா, திருப்பு" என்று அலறினாள் தெகன். லாரிக்காரர் புதருக்குள் இறக்கியதால் பிழைத்தோம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஒனக்கு ஓட்டத் தெரியல, அவ்வளவுதான்" என்றாய். மகளுக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. டயரில் கீறல் விழுந்ததா என்று குனிந்து பார்த்தாய். ஆணின் வீம்பு செய்த பிழைக்குப் பெண்ணின் கையைப் பழிப்பது இன்னும் எத்தனை காலம் இவ்வீட்டின் சட்டம்?

கெர்ரி

பி.கு.: டயரைப் பார்க்க மாலையில் உன் நண்பன் க்ளைவ் வருகிறான். அதே சுமையை ஏற்றி, அவனையே ஓட்டச் சொல். தெகன் உட்கார்ந்த இடத்தில் நீ உட்கார். அதே வளைவில் முழுதாகத் திருப்பச் சொல்.

உயிரோடு திரும்பினால், பழைய டயர்கள் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருக்கின்றன.