துசியின் ஜீப்புக்கு நான் வாங்கிய டயர்கள்

ஒக்டோபர் 4, சனி

ஜீப் வருடாந்த எம்.ஓ.டி. வாகனச் சோதனையில் தேறிவிட்டது. ஆனால் சோதித்தவன் தாளின் அடியில் ஒரு எச்சரிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறான்: நாலு டயர்களின் பக்கச் சுவர்களிலும் வெடிப்பு, விரைவில் மாற்றவும். துசி தாளைக் குசினி மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள்.

"மாத்தத்தான் வேணும். ஓல் டெரெய்ன் போட்டா நல்லமாம். ரோட்டுக்கும் சரி, சேத்துக்கும் சரி. கஸ்பர் அண்ணை சொன்னவர்."

எங்கள் மகள் பிறந்த வருடத்திலிருந்து இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். என் மனைவி டயருக்குக் கஸ்பரைக் கேட்கிறாள்.

"ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

எழுதினால் தெளியும் என்று பார்க்கிறேன்.

மகள் லீட்சுக்குப் படிக்கப் போனபின் எட்மண்டன் வீட்டில் இப்படி ஒரு அமைதி வரும் என்று நாங்கள் இருவரும் நினைக்கவில்லை. நான் ஓவர்டைம் எடுத்தேன். துசி பழைய ஜீப் ஒன்று வாங்கினாள். கிழமை நாட்களில் அவள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியை. சனி, ஞாயிறில் தொண்டர் குழு. பனி கொட்டினாலோ வெள்ளம் வந்தாலோ வேலைக்குப் போக வழியில்லாத நேர்ஸ்மாரை வீட்டு வாசலில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்குவதுதான் அந்தக் குழுவின் வேலை.

அதில் அவளைச் சேர்த்துவிட்டவர் கஸ்பர். எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிறவர். மன்னார் ஆள், துசியின் ஊர்ப் பக்கம். லிஃப்ட் திருத்துகிற வேலை. கல்யாணம் கட்டவில்லை. ஐம்பது தாண்டியும் வயிறு வைக்கவில்லை. (இதை ஏன் எழுதினேன்?)

இன்று பூசை முடிந்து வெளியே வந்தபோது, கஸ்பர் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு ஜீப்பின் முன்னால் குந்தி, டயரின் வெடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். துசியும் பக்கத்தில் குந்தினாள்.

"மழைக்குள்ள வளைவில எப்பிடி நிக்குது, துசி?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "பிரேக் பிடிக்கேக்க?" அதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் கை காற்றில் வளைவு எடுத்துத் திரும்பியது. அவள் அப்படிக் கை ஆட்டிக் கதைத்து நான் பார்த்துக் கனகாலம்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். கோயிலுக்குப் போட்ட காற்சட்டையோடு குந்தக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

அவளுடைய போன் மேசையில் அதிர்ந்தது. கஸ்பர். படம் ஒன்று அனுப்பியிருந்தார். பூ இல்லை, சிரிக்கிற முகம் இல்லை. ஒரு டயர். அதற்கே எனக்கு வயிறு எரிந்தது.

ஒக்டோபர் 14, செவ்வாய்

டிப்போவில் டயர் மாற்றுகிறவர்களைக் கேட்டுப் பார்த்தேன். பஸ்சைப் பற்றிக் கேள், ஜீப்பைப் பற்றி எங்களைக் கேளாதே என்று சிரித்தார்கள். யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. இத்தனை காலத்தில் நான் ஒரு டயர்கூடத் தெரிந்தெடுத்ததில்லை. யாரோ மாட்டிவிடுகிறார்கள், நான் ஏறி ஓட்டுகிறேன்.

சாப்பாட்டு இடைவேளையில் பஸ்சின் மேல்தட்டில் தனியே இருந்து போனில் வீடியோ பார்த்தேன். ஒரு அவுஸ்திரேலியன் டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேசுகிறான். ஓல் டெரெய்ன் என்பது நடுத்தரமாம். அதைவிட முரடானது மட் டெரெய்ன், முழுக்கச் சேற்றுக்கென்றே செய்தது. பெரிய பெரிய ரப்பர்க் கட்டைகள், இடையில் விரல் போகிற பள்ளங்கள். பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

கஸ்பர் நடுத்தரத்தைச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

சாப்பிடும்போது நானாகவே கதையை எடுத்தேன். "டயரில பக்கச் சுவர் பலமா இருக்கவேணும். கல்லு கிழிக்கிறது அங்கதான்."

துசி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோசம் வந்ததைக் கண்டேன். "ஓம். கஸ்பர் அண்ணையும் இதைத்தான் சொன்னவர்" என்றாள்.

அதோடு எனக்குப் பசி போய்விட்டது.

ஒக்டோபர் 25, சனி

என்ஃபீல்டில் ஒரு டயர்க் கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர் துருக்கிக்காரர், பொறுமையான மனிதர். எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டார். எல்லா இடமும் என்றேன். அதிகமாக எங்கே? எல்லா இடமும்தான்.

மட் டெரெய்னைக் காட்டினேன். ரோட்டில் சத்தம் போடும் என்றார். மழையில் கொஞ்சம் வழுக்கும், இறுகிய பனியில் பிடிக்காது என்றார். இருக்கிற அளவே போதும் என்றும் சொன்னார். நான் ஒரு அளவு அகலமானதைக் கேட்டேன்.

அவர் சொன்னதெல்லாம் விளங்கியது. விளங்கித்தான் வாங்கினேன்.

நவம்பர் 1, சனி

துசி மகளைப் பார்க்க லீட்சுக்கு ரயிலில் போய்விட்டாள். ஜீப்பைக் கொண்டுபோய் நாலையும் மாட்டினேன். வாசலில் நிறுத்திவிட்டு ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். புலி மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன்கூட நின்று பார்த்தான்.

நவம்பர் 2, ஞாயிறு

பையைக்கூட இறக்கி வைக்காமல் ஜீப்பைச் சுற்றி நடந்தாள். குனிந்து பக்கச் சுவரில் எதையோ தேடினாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"நல்லதுதான் எடுத்தனான். கடையில இருந்ததிலயே பெரிசு."

"ஓம், தெரியுது" என்றாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நன்றி சொல்வாள் என்று ஏன் எதிர்பார்த்தேன்?

நவம்பர் 6, வியாழன்

நோர்த் சேர்குலர் ரோட்டில் ஜீப் முனகுகிறது என்றாள் துசி. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயில் வாசலில் துசி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோது முன் டயர் எங்கேயோ உரசியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்பரும் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். திருப்பி நாலு கேட்டிருப்பேன்.

நவம்பர் 22, சனி

எசெக்சில் ஒரு வயல்வெளியில் குழுவின் குளிர்காலச் சோதனை. நானும் போனேன். என் டயர்கள் சேற்றில் போகிற அழகை எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் போனேன். அழகாகத்தான் போயின. கஸ்பருடைய வண்டி திணறிய இடத்தில் துசி சும்மா ஏறிப் போனாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

பிறகு குழுத் தலைவி வந்தாள், மழைக்கோட்டுப் போட்ட வெள்ளைக்காரப் பெண். டயரின் பக்கத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தாள். மூன்று மலைச் சிகரமும் நடுவில் பனிப்பூவும் போட்ட ஒரு அடையாளம் இருக்கவேண்டுமாம். பனியில் பிடிக்கும் என்று சோதித்த டயருக்குத்தான் அது இருக்கும். எங்களுடையதில் இல்லை. அது இல்லாத வண்டியைப் பனிநாளில் நோயாளிக்கோ நேர்சுக்கோ அனுப்ப முடியாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள். துசியின் பெயர் இந்தக் குளிர்காலச் சேவையில் இல்லை.

அன்று பையோடு குனிந்து அவள் தேடியது அந்த அடையாளத்தைத்தான்.

திரும்பி வரும்போது டயர்கள் மட்டும் கதைத்துக்கொண்டு வந்தன. எட்மண்டன் வந்தபிறகு சொன்னாள்: "கஸ்பர் அண்ணையின்ர வண்டியில வழி பாத்துச் சொல்ல ஒராள் வேணுமாம். நான் ஓமெண்டிட்டன்."

அவருக்குப் பக்கத்துச் சீற்றில்.

அந்தச் சீற்றை என் கையாலேயே துடைத்து அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 29, சனி

பயிற்சி என்று காலையிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஜன்னல் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். அவள் கதவைத் திறந்து ஏறிய விதம், பெல்ட்டைப் போட்ட விதம், எல்லாவற்றையும் பார்த்தேன். மத்தியானம் சோறு போட்டேன், சாப்பிடவில்லை. பின்னேரம் சப்பாத்து நிறையச் சேறோடு வந்தாள். வாசலில் நின்று அதைக் கழற்றும்போது தனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

என்ன சிரிப்பு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

டிசம்பர் 6, சனி

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாட்டு மேசையில்தான். இன்றைக்கும் பயிற்சியாம். போட்டிருந்த கம்பளிச் சட்டை புதிது. என் வாய்க்குள் இருந்தது தானாக வந்து விழுந்தது.

"அவருக்குப் பக்கத்தில இருந்து போறதுக்குத்தானே உமக்கு இந்த ஜீப்பும் குழுவும்?"

பாண் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அவருக்குப் பக்கத்தில இருக்கிறதுக்கு எனக்கு ஜீப் என்னத்துக்கு? உங்கட பஸ்சில ஏறியே போயிருப்பனே."

மேசையில் கிடந்த பாண் துகளை விரலால் கூட்டினேன்.

"கஸ்பர் அண்ணை டயரைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. ஓல் டெரெய்ன் எண்டு பாத்து எடுத்தது நான். படிச்சு, விசாரிச்சு, குழுவில எல்லாரையும் கேட்டு எடுத்தது நான்."

"அப்ப ஏன் அவர் சொன்னவர் எண்டனீர்?"

"நான் பாத்தனான் எண்டா நீங்கள் கேப்பீங்களே? பொயிலர் பழுதெண்டு சொன்னன், சும்மா இரும் எண்டனீங்கள். பிளம்பர் வந்து அதையே சொல்ல, தலையாட்டினீங்கள். இந்த வீட்டில ஒரு கதை எடுபடுறதுக்கு ஒரு ஆம்பிளையின்ர பேர் வேணும். அதான் அவற்ற பேரைச் சொன்னனான்."

"அவர் அனுப்பின படம்?"

"எந்தப் படம்? தன்ர டயர் தேஞ்சுபோச்சு, எதைப் போடலாம் எண்டு என்னட்டைக் கேட்டு அனுப்பினவர்." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஒரு மனிசர் என்னட்டைக் கேட்டவர்."

வெளியே ஹோர்ன் அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

உண்மை தெரிந்தபின் பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது. கஸ்பரைப் பார்த்து எரிந்தது இப்போது துசியைப் பார்த்து எரிகிறது. ஓட்டத் தெரிந்தவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்று எத்தனை வருடம் இருந்துவிட்டேன். எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிகிறது. அது என்னை ஏன் இப்படிக் கடிக்கவேண்டும்? அவள் என் எதிரியா?

கோயிலில் அவள் பக்கத்தில்தான் முழந்தாளிட்டேன். என்ன செபித்தேன் என்று நினைவில்லை.

டிசம்பர் 10, புதன்

"மன்னியும்" என்றேன். அவள் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு, டயருக்கோ கதைச்ச கதைக்கோ?" என்றாள். இரண்டுக்கும் என்றேன். எல்லாவற்றையும் மடித்து அடுக்கினாள். பிறகு, "சனிக்கிழமை வேலை இல்லையெண்டா கடைக்கு வாங்கோ" என்றாள்.

டிசம்பர் 13, சனி

அதே கடை, அதே துருக்கிக்காரர். என்னைக் கண்டவுடன் அடையாளம் பிடித்துவிட்டார். எல்லாக் கேள்வியையும் என்னைப் பார்த்தே கேட்டார். இவரைக் கேளுங்கள் என்று துசியைக் காட்டினேன். அதன்பிறகும் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன்.

துசிக்கு எல்லாம் மனப்பாடம். பழைய அளவே வேண்டும். பனிப்பூ அடையாளம் கட்டாயம் வேண்டும். ஜீப்பின் பாரத்தைத் தாங்குகிற எண் எது என்று பார்த்தாள். எந்த வாரம் செய்தது என்று பக்கச் சுவரில் உள்ள இலக்கத்தைத் தேடி, ஒன்று பழையது என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் பின்னால் போய் வேறொன்று எடுத்துவந்தார். இவ்வளவு நேரமும் அவள் கை காற்றில் வளைவு எடுத்துக்கொண்டுதான் இருந்தது.

என் டயர்களை எசெக்சில் பண்ணை வைத்திருக்கிற ஒருவர் வந்து எடுத்துப்போனார். அவருக்கு அவை சரியான டயர்கள். மிகவும் சந்தோசப்பட்டார்.

டிசம்பர் 25, வியாழன்

நத்தார்ப் பூசை. மகள் வந்திருக்கிறாள். கோயில் மண்டபத்தில் கஸ்பர் கேக் துண்டோடு கிட்ட வந்தார்.

"புது டயர் எப்பிடிப் போகுது, கிளின்ரன்?"

"நல்லாப் போகுது. துசி எடுத்தது."

"தெரியும்" என்றார்.

அந்த ஒரு சொல் வீடு வரும்வரை குத்தியது. எனக்கு முன்னமே அவருக்குத் தெரியும்.

ஜனவரி 8, வியாழன்

விடிவதற்கு முன்பே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. மஸ்வெல் ஹில் மேட்டின் அடியில் என் பஸ் ஒருபக்கமாக வழுக்கியது. மேலே போகவேண்டாம் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொன்னார்கள். சனத்தை இறக்கிவிட்டேன். ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லக் கொஞ்ச நேரமானது. பனிக்குள் நடக்கத் தொடங்கினேன். சப்பாத்துக்குள் தண்ணீர்.

துசி போன் எடுத்தாள். பள்ளிக்கூடம் பூட்டு, புது டயருக்குப் பிறகு குழு திரும்பச் சேர்த்துக்கொண்டதால் அவள் சேவையில் நிற்கிறாள். "எங்க நிக்கிறீங்கள்?" சொன்னேன். "அந்தப் பக்கம்தான் ஒரு நேர்சை ஏத்திக்கொண்டு வாறன். அங்கயே நில்லுங்கோ. பின்னுக்கு ஏறுங்கோ."

முன்சீற்றில் கானா நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள், மடியில் சாப்பாட்டுப் பை. நான் பின்னால் ஏறினேன். துசி மேட்டில் ஏற்றினாள். இரண்டாம் கியர், ஒரே வேகம், பிரேக்கைத் தொடவில்லை. என் கால் இரண்டு முறை தானாகப் பிரேக்கைத் தேடி அழுத்தியது. ஜீப் என் பஸ்சைத் தாண்டி ஏறிப் போனது. சத்தமே இல்லை.

மேலே வந்ததும் நேர்ஸ் திரும்பி என் சீருடையைப் பார்த்தாள். நீங்கள்தான் இவருக்கு ஓட்டப் பழக்கினீர்களா என்று கேட்டாள்.

கண்ணாடியில் துசியின் கண் தெரிந்தது. அது ரோட்டில்தான் இருந்தது.

இல்லை என்றேன். இவர் தானாகப் பழகியவர், டயர்கூட இவர் எடுத்ததுதான், நான் எடுத்தது பிழைத்துவிட்டது என்று இங்கிலிஷில் சொன்னேன். பகிடி என்று நினைத்து நேர்ஸ் சிரித்தாள். துசி சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நேர்சை இறக்கினோம். துசி திரும்பாமலே சொன்னாள்: "முன்னுக்கு வாங்கோ."

வந்து இருந்தேன். பெல்ட்டைப் போட்டேன். போன் அடித்தது, கஸ்பர். பாமேர்ஸ் கிரீனில் இன்னொரு நேர்ஸ் காத்திருக்கிறாளாம், ஏலுமோ துசி என்று கேட்டார். அந்தக் குரல் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் துசி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள், முன்னால் ரோடு முழுக்க வெள்ளை. போனை நான் எடுத்தேன்.

"ஓம் அண்ணை" என்றேன். "வாறம்."