நம்ம மாப்பிள்ளை

என் கண்ணுக்கு,

சபையின் ஆண்டு விழா நேற்று நல்லபடியாக முடிந்ததாக எல்லோரும் சொல்கிறார்கள். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

போதகர் வழக்கம்போல 'காணாமற்போன ஆட்டுக்காக' ஜெபித்தார். கோயிலுக்கு ஒயரிங் செய்ய வந்த வேறு மதத்துக்காரரைக் கட்டிக்கொண்டு போன உன்னைத்தான் சொல்கிறார் என்று யாருக்குத் தெரியாது? ஆமென் சொன்னதில் உன் அப்பாவின் குரல்தான் பெரியது. தொலைந்த ஆட்டைத் தேடி மேய்ப்பன் போனதாக வேதத்தில் இருக்கிறது. இங்கே மேய்ப்பனும் தொண்ணூற்றொன்பது ஆடுகளும் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை கறி கேட்டார்கள். பரிமாறியது நான்தான்.

பந்தி பாதியில் இருக்கும்போது விளக்கெல்லாம் அணைந்தது. சுற்றியிருந்த வீடுகளில் வெளிச்சம் இருந்தது, கோயிலில் மட்டும் இருட்டு. இத்தனை நாள் "அந்தப் பய" என்று சொன்ன அதே வாயால் சபைச் செயலாளர், "அக்கா, நம்ம மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடுங்களேன்" என்றார்.

நம்ம மாப்பிள்ளையாம்!

"காணாமப் போன ஆட்டோட நம்பர் எங்கிட்ட ஏதுங்க?" என்றேன். கடைசிவரை எல்லோரும் இலையைத் தடவித் தடவித்தான் சாப்பிட்டார்கள்.

மாப்பிள்ளையிடம் சொல், அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. பீஸ் கட்டையைப் பிடுங்கியது நான்தான். நம் வீட்டு அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் வந்து மாட்டும்வரை அங்கேயே கிடக்கட்டும்.

அம்மா