பவுடர் பூசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு

2006 நவம்பர் 6, திங்கள்

மழை. குடையை ட்ராமில விட்டிட்டன். இந்த வருசம் மூண்டாவது. அம்மாட்டைச் சொல்லேல்லை.

பயிற்சி தொடக்கம். பன்னிரண்டு பேர். வெளிநாட்டுப் பொம்பிளையளுக்கும் கறுத்த தோல் பொம்பிளையளுக்கும் இங்க பிள்ளைப்பேறில ஏன் கூடக் கரைச்சல் வருது, அதை எப்பிடி ஆராயிறது. இதுதான் பாடம்.

படிப்பிக்கிறவ டொக்டர் அமா. தகப்பன் கானா, தாய் இந்த ஊர். முந்தி மருத்துவிச்சியா இருந்தவ. பிள்ளை பெத்த ரெண்டு பொம்பிளையளின்ரை பேர் மறைச்ச பைல் தந்தா. ஒண்டில: "கத்துகிறார். மிகைப்படுத்துகிறார்." மற்றதில: "அமைதி. வலி குறைவு." ரெண்டு பேரிட்டையும் தாதிமார் போனது பிந்தித்தான்.

பக்கத்துக் கதிரை எலிஃப், துருக்கிக்காரி, சரியான வாய்: "என்ரை அம்மா கத்தினா, ஒருத்தரும் வரேல்லை. உன்ரை அம்மா கத்தேல்லை, அப்பவும் ஒருத்தரும் வரேல்லை. பேந்து எப்பிடித்தான் பெறுறது?"

சிரிச்சம். அவள் குத்துமதிப்பாத்தான் சொன்னவள், ஆனா சரி. தம்பி பிறக்கேக்க அம்மா சத்தம் போடேல்லை எண்டு எங்கட வீட்டில இண்டைக்கும் பெருமையாக் கதைக்கிறது.

8, புதன்

குளிர். வாங்க: பற்றறி, பால். அம்மாவின்ரை அன்ராக் படிவம் நிரப்ப வேணும் (மறக்காதை!).

இண்டைக்குப் பாடம், பேட்டி எடுக்கேக்க சும்மா இருக்கிறது. கேள்வியைக் கேட்டிட்டு வாயை மூடு, பத்து வரைக்கும் எண்ணு. என்னால மூண்டுக்கு மேல ஏலாது. "சுபா, கேள்வியும் நீ, மறுமொழியும் நீ. அப்ப அந்தப் பொம்பிளை என்னத்துக்கு?" டொக்டர் அமா சிரிச்சுக்கொண்டுதான் கேட்டா. நல்லா உறைச்சுது.

பிறகு தானே எலிஃபைக் கேட்டுக் காட்டினா. ஒரு கேள்வி. அப்பிடியே இருந்தா. ஆறு, ஏழு, எட்டு... எலிஃப் அழத் தொடங்கிட்டாள். எலிஃப்! என்ன மனுசியப்பா இவ.

கோயிலில பழக்கமான கௌரி அக்காவுக்குப் பேட்டி கேட்டு ரெலிபோன் எடுத்தனான். எட்டாம் மாசம், ரெண்டாவது பிள்ளை. "வாங்கோ வாங்கோ, ரோல்ஸ் சுட்டு வைக்கிறன்." ஒண்டும் செய்யாதேங்கோ எண்டன். அவ கேக்கவே போறா?

10, வெள்ளி

ஒழுங்கா எழுதிப் பாக்கிறன்.

காலமை பத்துக்குப் போனன். புருசன் ரெஸ்ரோரண்ட் வேலை, மூத்தவன் பள்ளிக்கூடம். ரோல்ஸ் ஒரு தட்டு. அக்கா நைற்றியோட. முகம் ஊதி, மோதிரம் விரலில இறுகி.

மூத்தவனைப் பெத்ததைக் கேட்டன். எண்ணினன். ஒன்பதில கதைச்சா. "பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன். இன்னும் நேரம் கிடக்கு எண்டு தாதிமார் போயிட்டினம். தனியத்தான் பெத்தனான். ரத்தம் நிக்கேல்லை, சுபா. செத்துப்போறன் எண்டுதான் நினைச்சன்." புருசனுக்கே இதைச் சொன்னதில்லையாம்.

இப்ப எப்பிடி எண்டன்.

"நல்லாயிருக்கிறன். திங்கள் துவக்கம் தலையிடி. கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது. செவ்வாய் டொக்டரிட்டை டெர்மின் இருக்குத்தானே."

எங்கட கோப்பில ஒரு சிவப்புத் தாள். இந்தக் குறியள் எல்லாம் அதில கிடக்கு: ஆராய்ச்சியை நிப்பாட்டு, உடன கூட்டிக்கொண்டு போ. பதிஞ்சுகொண்டிருந்த ரேப் ரெக்கோடரை நிப்பாட்டினன். வெளிக்கிடுங்கோ எண்டன்.

"நைற்றியோடயோ? சனம் என்ன நினைக்கும்?"

நல்ல சட்டை, பவுடர், பொட்டு, சங்கிலி. கை வீங்கி அவவுக்குத் தலை பின்ன ஏலாது. நான்தான் பின்னிவிட்டன். பத்து நிமிசம்! அப்ப மூளை எங்க போனது எனக்கு?

ஆஸ்பத்திரியில பதியிற இடத்தில ஒரு தாதி: "வடிவா இருக்கிறீங்கள், சுகமோ?" அக்கா சிரிச்சு, "குட், டாங்கே." நல்ல சுகம், நன்றியாம். நானும் டாங்கே எண்டன், தலையிடியைச் சொல்லேல்லை! இருங்கோ எண்டா, இருந்தம். எங்களுக்குப் பிறகு வந்தவையும் உள்ள போயிட்டினம்.

அக்கா கண்ணை மூடினா. அவவின்ரை பின்னலைப் பாத்தன். அப்பத்தான் விளங்கிச்சுது. இப்பிடித்தான் ஒவ்வொரு டெர்மினுக்கும் வந்திருக்கிறா. வருத்தமே இல்லாத ஆள்மாதிரி. இண்டைக்குச் சோடிச்சு வெளிக்கிடுத்தினது நான், பயிற்சி எடுத்த நான்.

எழும்பித் தாதியிட்டைப் போய், "இவவுக்கு இப்ப பிறெஷர் பாருங்கோ. அஞ்சு நாளாத் தலையிடி. கேட்டா நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுவா." என்ரை குரல்தானோ? எல்லாரும் திரும்பிப் பாத்தினம்.

180க்கு 115. தாதியின்ரை முகம் மாறிட்டுது. சக்கரக் கதிரையில வைச்சுத் தள்ளிக்கொண்டு ஓடினா.

பின்னேரம் ஒப்பரேசன். கடவுளே.

12, ஞாயிறு

வெயில்! பெட்டைப் பிள்ளை. ஒரு கிலோ தொள்ளாயிரம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள, என்ரை உள்ளங்கையளவு முதுகு, மேலயும் கீழயும் போகுது. எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிண்டனோ தெரியாது. தாயும் பிள்ளையும் உயிரோட.

அக்காவுக்குத் தலை பின்னினதை டொக்டர் அமாவிட்டைப் போனில சொன்னன். அவ: "அதையும் எழுது. அதை முதல்ல எழுது."

அக்காவின்ரை கட்டிலடியில இருந்தன். தலை கலைஞ்சு, பொட்டில்லை. தாதி தட்டத்தோட கதவடியில நிண்டு கேட்டா, நோகுதோ எண்டு. அக்கா என்னைப் பாத்தா. வாய் திறந்திட்டன். மூடினன்.

ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.

"யா," எண்டா அக்கா. டொச் பாசையில, தானே. "சரியா நோகுது. தாங்க ஏலாமல் கிடக்கு."

தாதி தட்டத்தை வைச்சிட்டு உள்ள வந்தா.