புரோட்டீன் கணேஸ் அடிக்காத பெரட்டு மணி

கோலா சிலாங்கூர்

என் செல்ல மகள் நித்தியாவுக்கு, பெறாமல் வளர்த்த சித்தப்பன் எழுதுவது. இங்கே நான், உன் சின்னம்மா குமுதா, கூரையைப் பிய்க்கும் குரங்குகள் உட்பட யாவரும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. சத்தியசீலன் என்ற என் பெயரிலுள்ள சத்தியத்தின் மேல் ஆணையாக ஒரு கதை சொல்லப்போகிறேன், ஈரேழு பதினாலு உலகத்திலும் இதை ஒருவரும் நம்பமாட்டார்கள், நீயும் நம்பவேண்டாம்.

முதலில் கணேஸ் விஷயம். மலேரியாக் கிருமியை ஆட்டிவைப்பது புரோட்டீன் கைனேஸ்தான், அதை நிறுத்திட்டா போதும் என்று உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ போனில் சொன்னபோது உன் சின்னம்மா காதில் புரோட்டீன் கணேஸ் என்று விழுந்தது. ஜிம்முக்குப் போய் மாவு கரைத்துக் குடிக்கிற எவனோ பையன் என்று முடிவுகட்டி, பேரு நல்லாத்தான் இருக்கு, எந்த ஊருன்னுதான் தெரியலை லா என்று என் உயிரை எடுத்தாள். மாரியம்மன் கோயிலில் அவன் பெயருக்கும் அர்ச்சனை. அது கிருமிக்குள் இருக்கிற புரதம், மற்றப் புரதங்களுக்குச் சமிக்ஞை கொடுத்து முடுக்கிவிடுவது என்று நீ விளக்கியும் அர்ச்சனை நிற்கவில்லை. போன வாரம் நீ அவளிடம், சோதனை எல்லாம் தோத்துப்போச்சு சின்னம்மா, இதனால யாருக்கு என்ன பிரயோசனம், எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன் என்று அழுதாயாமே. பாவி கணேஸ் நம்ம புள்ளைய அழவச்சிட்டானே என்று அவள் வாளியைப் போட்டு உடைத்தாள். அதற்குத்தான் இந்தக் கதை.

கலும்பாங்கில் என் கூட்டாளி வாசுவின் டுரியான் பழத்தோட்டத்துக்குப் போய்வந்த சில நாளில் எனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சலா, ராஜ காய்ச்சல், தினமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குச் சரியாக வரும். நான் நடுங்கிய நடுக்கத்தில் ஈஜோக் வரைக்கும் செம்பனைக் குலைகள் தானாக உதிர்ந்தன, லோரி லோரியாக ஏற்றினார்கள். என் நெற்றியில் குமுதா தோசை வார்த்தாள். அந்தச் சூட்டில் கண் சொருக, நான் ஒரு சம்பான் படகில் மிதந்துகொண்டிருக்கிறேன். கரை மரமெல்லாம் மின்மினி, ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன, தண்ணீர் மட்டும் சிவப்பு. தொட்டால் வெதுவெதுப்பு, அது என் ரத்தம் மகளே. அதில் சிவப்புச் சிவப்பாய் உருண்டையான லயத்து வீடுகள் மிதக்கின்றன, உள்ளே கிருமிகள் தின்று பெருகி, மடித்த வேட்டி மாதிரி அடுக்கடுக்காய் உட்கார்ந்து பெரட்டு மணிக்குக் காத்திருக்கின்றன. உன் தாத்தா காலத்துத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் தொங்கும் இரும்பைத் தட்டினால் லயமே வெளியில் வந்து வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நிற்குமாம், அதே பெரட்டு. இங்கே மண்டோர் யார் தெரியுமா, சாட்சாத் கணேஸ். புஜம் இரண்டும் பலாப்பழம். அவன் தட்டினால் எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் உடையும், உடைந்தால் எனக்குக் காய்ச்சல். சுத்தியலை ஓங்கினான். பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் நீ. திட்டவில்லை, தள்ளவில்லை, தொங்கிய இரும்பைப் பின்பக்கமாய் இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாய். அடித்தான், சத்தம் வரவில்லை. மறுபடி அடித்தான், ஒரு கதவும் திறக்கவில்லை. மின்மினிகள் தத்தம் இஷ்டத்துக்கு எரிய ஆரம்பித்தன, சம்பான் தானாகத் திரும்பியது, நான் தூங்கிப்போனேன்.

நீ வந்தால் இது உன் வீடு, ஏன் வந்தாய் என்று கேட்க இங்கே ஆள் கிடையாது. இருந்தாலும் நாளைக்கே டிக்கெட் போட்டுவிடாதே, ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு யோசி. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்னம்மா கொடுத்த மிளகாய்த்தூளை உன்னோடு இருக்கிறவர்களுக்கு வாரி இறைக்காதே. ஆத்தா மாரியம்மன் உன் கூடவே இருப்பாள்.

சம்பான், லயம், பலாப்பழம் எல்லாம் நான் திரித்த கயிறு. காய்ச்சல் மட்டும் நிஜம் மகளே. ரத்தத்தைச் சோதித்து, குரங்கிடமிருந்து கொசு கொண்டுவந்த மலேரியா என்றார்கள். மாத்திரைக்குக் கேட்டது, நேற்று நண்டுக் குழம்பு சாப்பிட்டேன், பயப்படாதே. ஆனால் ஒருநாள் கிருமி மாத்திரைக்குக் கேட்காமல் போனால் அந்த இரும்பை யார் பிடிப்பது. யாருக்குப் பிரயோசனம் என்று கேட்டாயே, அந்த ஆளின் விலாசம் உறையின் பின்பக்கம் அனுப்புநர் என்ற இடத்தில் இருக்கிறது.

இப்படிக்கு
உன் சித்தப்பன்
சத்தியசீலன்